பாராட்டுக்கு நேரமில்லாத வாத்தியார்

இப்றாலெவ்வை வாத்தியாரைப் பாராட்டுவதென்று சபை ஏகமனதாகத் தீர்மானித்த செய்தி வந்தபோது, அவர் பின்னக் கணக்கின் நடுவில் நின்றார். கரும்பலகையில் மூன்று என்று எழுதி, அதை அரையால் பிரிக்கும்படி ஐந்தாம் வகுப்பைக் கேட்டிருந்தார். நாற்பத்தொரு பிள்ளைகளும் ஒரே குரலில் ஒன்றரை என்று சொல்லிவிட்டார்கள். பிழை எங்கே இருக்கிறதென்று கொஞ்சம் தேடிப் பார்க்கட்டும் என்று அவர் சோக்குக் கட்டியை மேசையில் வைத்த நேரத்தில்தான் தலைமை ஆசிரியர் மஜீட் மாஸ்டர் ஓடி வந்தார். பத்தொன்பது வருட சேவையில் மஜீட் மாஸ்டர் ஓடி அவர் கண்டதில்லை.

"வாத்தியார், உங்களப் பாராட்டப் போறாங்களாம்."

"ஏன் சேர், நான் என்ன செஞ்ச?"

"ஒண்டும் செய்யல்ல. அதுக்குத்தான்."

மஜீட் மாஸ்டர் கடிதத்தை வகுப்புக்கு முன்னாலேயே வாசித்தார். 'அமைதியாகப் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரை அவரது அன்றாடப் பணிக்காகவே, அன்றாடமல்லாத முறையில் கௌரவிப்பதெனச் சபை தீர்மானித்துள்ளது' என்று அதில் இருந்தது.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு தொடக்கத்தில் கல்முனையில் உருவான சபை அது. முழுப்பெயர் 'ஆசிரியர் அன்றாடப்பணிப் பாராட்டுச் சபை'. உறுப்பினர்கள் இருபத்தொருவர். அவர்களில் ஆசிரியர் எவருமில்லை; ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே பாராட்டிக்கொள்வது அழகாக இராது என்று முதற் கூட்டத்திலேயே முடிவாகியிருந்தது. தலைவர் ஜெமீல் போடியார், நாவிதன்வெளிப் பக்கம் கண்ணுக்கெட்டிய வயலெல்லாம் அவருடையது. செயலாளர் காரைதீவைச் சேர்ந்த வித்தியாதரிசி புண்ணியமூர்த்தி. பள்ளிக்கூடங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது அவருடைய உத்தியோகம். இரண்டாம் கூட்டத்தில் பதினொரு ஆசிரியர்களின் பெயர்கள் பரிசீலிக்கப்பட்டன. ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர். இன்னொருவர் வேலி வழக்கில் போடியாருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். வேறொருவர் சோக்குக் கட்டி போதாதென்று மூன்று தரம் எழுத்து மூலம் முறைப்பட்டவர். கடைசியாக இப்றாலெவ்வை என்ற பெயரை வாசித்தபோது ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அதையே சபை பெருந்தகுதியாக எடுத்துக்கொண்டது.

விழா அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை. வாத்தியாருக்கு நெஞ்சில் இடித்தது அந்தத் திகதிதான். அதற்கு இரண்டு நாள் கழித்து, அதே கிழமை சனிக்கிழமையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை.

அந்த வருடம் சோதனைக்கு ஐந்து பேர் போவதாக இருந்தது. நான்கு பேர் கடைக்காரர் வீட்டுப் பையன்கள். தேறினாலும் தேறாவிட்டாலும் அவர்கள் படிப்பார்கள். ஐந்தாவது சுல்பிகா. வாப்பா இல்லாத பிள்ளை. உம்மாவின் பெயர் உம்மு. மருதமுனையில் வீட்டுக்குள் தறி போட்டுச் சாரன் நெய்கிறவள். நூல் சுற்றிக் கொடுக்க வீட்டில் ஒரு கை தேவைப்பட்ட காலத்திலும் மகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருந்தாள்: "சோதனையில பேர் வந்தா கல்முனைக்குப் போய்ப் படிக்கட்டும். வராட்டி அடுத்த நாளே தறியில குந்தட்டும். அதுக்கு மறுகா என்னோட ஒருத்தரும் கதைக்க வேணாம்."

எல்லாக் கணக்கிலும் சுல்பிகா முந்திக்கொள்வாள். பின்னத்தில் மட்டும் நின்றுவிடுவாள். மற்றப் பிள்ளைகள் வழியை மனப்பாடம் செய்து விடையைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். இவளுக்கு ஏன் என்று தெரியாமல் கை ஓடாது. சோதனைக்கு இருந்த ஆறு கிழமையையும் பின்னத்துக்கு என்றே வாத்தியார் ஒதுக்கி வைத்திருந்தார்.

மறுநாள் படிவம் வந்தது. பதினொரு பக்கம், மூன்று பிரதி.

முதற் கேள்வி, 'உமது அன்றாடப் பணி யாது?' என்பது. வாத்தியார் 'படிப்பித்தல்' என்று எழுதினார். இரண்டு நாளில் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையால் 'விடை போதாது. குறைந்தது நான்கு பக்கம்' என்று இருந்தது.

"நாலு பக்கத்துக்கு நான் எங்க போற?" என்று வீட்டில் மனைவி ஹப்ஸாவிடம் கேட்டார்.

"இஞ்சாருங்க, சுபஹுத் தொழுகைக்கு எழும்புறதில இருந்து எழுதுங்க. பல்லு தீட்டுறதும் வேலதானே. சைக்கிளுக்குக் காத்தடிக்கிறது, சாரன் மடிக்கிறது, என்னோட சண்டை பிடிக்கிறது, எல்லாத்தையும் போடுங்க."

கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் போட்டார். நான்கு பக்கம் நிரம்பியது. படிப்பித்தல் பற்றி அதில் ஒரு வரிதான் வந்தது. இந்த முறை சிவப்பு மை 'சிறப்பு' என்றது.

ஏழாம் கேள்வியில்தான் வண்டி சேற்றில் இறங்கியது. 'மேற்படி பணியை நேரிற் கண்ட, இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட சாட்சி.' வாத்தியார் படிப்பிப்பதை நேரில் கண்டவர்கள் எல்லோருக்கும் பத்து, பதினொரு வயது. பழைய மாணவர் ஒருவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அதுவும் திரும்பி வந்தது. சாட்சிக்கு இப்போது இருபத்தாறு வயதானாலும், பணியைக் கண்ட நேரத்தில் அவருக்குப் பத்து வயதுதான். ஆகவே கண்டது செல்லாது என்று குறிப்பு இருந்தது. மஜீட் மாஸ்டரைக் கேட்டார்.

"நான் உங்கட வகுப்புக்குள்ள வந்து பார்த்ததில்லையே வாத்தியார். பொய்க் கையெழுத்து வைக்கலாமா? அல்லாஹ்வுக்குப் பயப்படணும்."

கடைசியில் சமாதான நீதவானின் கையெழுத்து போதும் என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒரே சமாதான நீதவான் ஜெமீல் போடியார். அவர் அறுவடைக்காக நாவிதன்வெளியில் இருந்தார்.

வாத்தியார் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பத்தொன்பது வருடத்தில் அது அவருடைய நான்காவது லீவு, வாவியைத் தோணியில் கடந்து, வரம்பு வரம்பாக நடந்து போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். நெற்சூடு மிதிக்கும் களத்தில் எருமைகள் சுற்றிக்கொண்டிருந்தன. போடியார் பரணில் சாய்ந்திருந்தார்.

"கையெழுத்துத்தானே, வைக்கலாம். ஆனா கண்ணால காணாம வைக்க மாட்டன். நான் பொய்ச் சாட்சி சொல்ற மனிசன் இல்ல. நீங்க இதில நிண்டு படிப்பிச்சிக் காட்டுங்க."

"ஆருக்குப் போடியார்?"

"இந்தா, இவனுகளுக்கு."

எருமைகளை நிறுத்திவிட்டு ஏழு பேர் நிழலில் வந்து குந்தினார்கள். வாத்தியார் ஒரு குச்சியை எடுத்து மெழுகிய தரையில் மூன்று வட்டம் கீறினார். மூன்றை அரையால் பிரிக்க வேண்டும் என்று அவர் சொல்லி முடிக்குமுன் பரணில் குறட்டை கேட்டது. படிப்பிப்பதை அதற்காக நிறுத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. பின்வரிசையில் இருந்த சின்னப்போடி என்ற கூலிக்காரர், கையில் வைக்கோல் பிரியோடு, "வாத்தியார், மூண்டைப் பிரிச்சா மூண்டை விடக் குறையத்தானே வேணும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல வாயெடுத்தபோது அஸர் தொழுகை நேரமாகிவிட்டது. போடியார் எழும்பி முகம் கழுவி, படிவத்தை வாங்கி, 'நேரிற் கண்டேன். மிகத் திறம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

திரும்பும்போது சின்னப்போடி வரம்பு வரை கூட வந்தார். "நாளைக்கும் வருவியளோ வாத்தியார்? அந்த மிச்சத்தைச் சொல்லாமப் போறியள்."

விழாவுக்கு மூன்று கிழமை இருந்தபோது சபையின் பார்வைக் குழு வந்தது. அன்றாடப் பணியை அன்றாடம் நடக்கிறபடியே பார்க்க வேண்டுமென்பது அதன் நோக்கம். அதற்காக இரண்டு நாளாக வகுப்பு நடக்கவில்லை. றோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். சட்டையில்லாத ஆறு பேரை அன்று வர வேண்டாமென்று மஜீட் மாஸ்டர் சொல்லிவிட்டார். புண்ணியமூர்த்தி வெள்ளைக் கோட்டும் சால்வையுமாக, இரண்டு உறுப்பினர்களுடன் வந்து முன்வரிசைக் கதிரைகளில் அமர்ந்தார். வரவேற்புப் பாட்டு முடிந்தது. கடதாசி மாலை விழுந்தது. இளநீர் வெட்டப்பட்டது.

"மாஸ்டர், நாங்கள் இங்கே இல்லையென்று நினைத்துக்கொள்ளும். வழமைபோல நடத்தும்" என்றார் புண்ணியமூர்த்தி, இளநீரைக் கீழே வைத்து.

வாத்தியார் கரும்பலகையில் மூன்று என்று எழுதினார். சுல்பிகா எழும்பினாள்.

"ஒன்றரை சேர். ஆனா சேர், ரெண்டால பிரிச்சாலும் ஒன்றரைதானே வருது. அரையால பிரிக்கிறதும் ரெண்டால பிரிக்கிறதும் ஒண்டா சேர்?"

வாத்தியாருக்கு மனசு குளிர்ந்து போயிற்று. பிள்ளை கதவுக்குக் கிட்ட வந்துவிட்டாள். இனித் தள்ளித் திறப்பதுதான் பாக்கி. அவர் அவள் பக்கம் ஒரு அடி வைத்தார்.

"நிறுத்தும்" என்று புண்ணியமூர்த்தி கையை உயர்த்தினார். "அந்தப் பிள்ளை சொன்னது பிழை."

"ஓம் ஐயா. இனித்தான் படிப்பிக்கணும்."

"பாராட்டப்படவிருக்கும் ஆசிரியரின் வகுப்பில் பிழை வரலாமோ?"

"பிழை விடாத புள்ளைக்கு நான் என்னத்தப் படிப்பிக்கிற ஐயா?"

மஜீட் மாஸ்டர் பின்னாலிருந்து அவருடைய சட்டையை இழுத்தார். குழுவின் அறிக்கை மூன்று நாளில் வந்தது. 'ஆசிரியர் திறமை மிக்கவர். எனினும் மாணவர்கள் இன்னும் கற்றுக்கொண்டிருப்பது பார்வைக்குத் தெரிகிறது. விழாவுக்கு முன் இக்குறை நிவர்த்தி செய்யப்பட வேண்டும்.'

நிவர்த்தி செய்வதற்குப் பாட்டு ஒன்று ஏற்பாடாகியது. இயற்றியவர் புண்ணியமூர்த்தி. பதினான்கு செய்யுள். ஒன்று கொழும்பிலிருந்து வரும் பிரதம விருந்தினருக்கு, மூன்று போடியாருக்கு, இரண்டு செயலாளருக்கு. மிச்சம் சபைக்கும் இயற்கைக் காட்சிக்கும். ஆசிரியர் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வந்தது, அதுவும் எதுகைக்காக. ஐந்தாம் வகுப்பு முழுவதும் அதைப் பாட வேண்டும் என்றும் பாடசாலை நேரத்திலேயே ஒத்திகை நடக்க வேண்டும் என்றும் கட்டளை வந்தது. முதலில் பின்னேரத்துக் கடைசி மணியை எடுத்தார்கள். பிறகு பின்னேரம் முழுவதையும் எடுத்தார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு காலையும் போயிற்று.

மேடை கட்டுவதற்கு வகுப்பில் பிள்ளைகள் குந்தும் வாங்குகள் போயின. 'நல்வரவு' எழுதிச் சந்தியில் தூக்க ஒரு பலகை தேவையென்று கரும்பலகை போயிற்று. சோக்குக் கட்டிகளை ஊறவைத்துக் கரைத்து மேடைத் தூண்களுக்குப் பூசினார்கள். இப்றாலெவ்வை வாத்தியார் எஞ்சியிருந்த இடைவேளை நேரத்தில் ஐந்து பிள்ளைகளைக் கிணற்றடி மணலில் இருத்திக் கணக்குச் செய்வித்தார். மணி அடித்தவுடன் பாட்டுப் பழக்கும் ஆள் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அதற்குள் மூன்று கணக்குச் செய்தால் பெரிய காரியம்.

ஒரு நாள் சுல்பிகா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் உம்மு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாத்தியார், புள்ள வீட்டில பாட்டுத்தான் படிக்கிறாள். கணக்கு எங்கடி எண்டு கேட்டா, பலகை சந்தியில தொங்குதாம். பாட்டுப் படிக்கிறதுக்கு என்னத்துக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்? தறியில இருந்தும் பாட்டுப் படிக்கலாம்தானே. அதில சாரனாவது வரும்."

பத்தொன்பது வருடத்தில் அவருக்கு முதன்முதலாக வெட்கம் வந்த நாள் அது. சபையைப் பற்றியும் கட்டளையைப் பற்றியும் சொல்ல வாய் வந்தது. சொன்னால் நானும் அவர்களில் ஒருவன் ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

"நீங்க சொல்றது சரிதான் தங்கச்சி. சோதனை வரைக்கும் புள்ளைய விடுங்க. எப்படியும் நான் படிப்பிச்சி முடிக்கிறன்."

"எப்ப?"

கேட்டுவிட்டு உம்மு போய்விட்டாள். மறுநாள் சுல்பிகா வந்தாள்.

வாத்தியார் விழாவைச் சனிக்கிழமைக்குப் பின்னால் தள்ளி வைக்க முடியுமா என்று எழுத்து மூலம் கேட்டார். 'ஆசிரியர்களின் வேலை காரணமாக ஆசிரியர் பாராட்டை ஒத்திவைக்கும் முன்னுதாரணம் இல்லை' என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு விழா. பிள்ளைகளை ஒரு மணிக்கே றோட்டின் இரு பக்கமும் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். மேடையில் இருபத்தொரு உறுப்பினர்களுக்கும் பிரதம விருந்தினருக்குமாக இருபத்திரண்டு கதிரைகள் இருந்தன. வாத்தியாருக்குக் கதிரை இல்லை. பெயர் கூப்பிடும்போது அவர் திடீரென்று தோன்ற வேண்டுமென்று மேடைக்குப் பின்னால், விருந்தினருக்கு வைத்திருந்த பழத் தட்டுகளுக்கும் சோடாப் போத்தல்களுக்கும் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். மடிப்புக் கலையாமல் நிற்கும்படி மஜீட் மாஸ்டர் சொல்லிவிட்டுப் போனார்.

பிரதம விருந்தினர் நாலரைக்கு வந்தார். அன்று அவருக்கு அது மூன்றாவது விழா. குர்ஆன் கிராஅத் ஓதி முடிந்ததும் போடியார் எழும்பினார்.

"நான் கனக்கப் படிச்சவன் இல்ல" என்று ஆரம்பித்தார். "மூணாம் வகுப்போட நிண்டுட்டன். ஆனா படிச்சவங்கட அருமை எனக்குத் தெரியும். என்னோட படிச்சி வாத்தியாரானவங்க எல்லாரும் இண்டைக்கு ஒரு கையெழுத்துக்கு எனக்கிட்டத்தான் வாறாங்க. ஆனபடியா, புள்ளையள் எல்லாரும் நல்லாப் படிக்கணும். படிச்சாத்தான் என்னப் போல ஆக்களுக்கு உதவியா இரிக்கும்."

கைதட்டல் ஓய்வதற்கு நேரம் எடுத்தது. அடுத்து புண்ணியமூர்த்தி.

"ஆசிரியர் ஒரு விளக்கு. விளக்குக்கு எண்ணெய் வேண்டும், திரி வேண்டும் என்று சிலர் அடிக்கடி எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். எண்ணெய் தீர்ந்துபோகும். புகழ் தீர்ந்துபோகாது. ஆகவே விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதைவிட, விளக்கைப் புகழ்வதே நிலையானதும் சிக்கனமானதும் என்று சபை கண்டுபிடித்திருக்கிறது. இவ்வருடம் நாங்கள் ஒரு விளக்கைப் புகழ்வதற்காக நாற்பது நாள் உழைத்திருக்கிறோம். விளக்கும் எங்களுக்கு ஒத்துழைத்தது. இந்தப் பள்ளியில் மூன்று கிழமையாக வேறு எந்த வேலையும் நடைபெறவில்லை என்பதை நான் பெருமையுடன் அறிவிக்கிறேன்."

இந்த நேரத்தில் சுல்பிகா தண்ணீர் குடிக்க மேடைக்குப் பின்னால் வந்தாள். வெயிலில் நின்ற முகம் கன்றிப் போயிருந்தது. குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்தவள் போகவில்லை.

"சேர், சனிக்கிழமை அந்தக் கணக்கு வந்தா நான் என்ன செய்யுற?"

வாத்தியார் மேடையைப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் புண்ணியமூர்த்தியின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தட்டில் கோழிக்கூட்டு வாழைப்பழம் சீப்புச் சீப்பாக இருந்தது. அவர் மூன்று பழத்தைப் பிய்த்து வைத்து, பழம் வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்தார்.

"இந்தா, மூணு பழம். ரெண்டு பேருக்குப் பிரிச்சா ஒரு ஆளுக்கு எத்தினை?"

"ஒன்றரை."

"அது ரெண்டால பிரிக்கிறது. இப்ப ஆளக் கேக்கல்ல. ஒரு ஆளுக்குப் பாதிப் பழம் எண்டு குடுத்துக்கிட்டே போறன். மூணு பழமும் முடியிறதுக்குள்ள எத்தினை பேருக்குக் குடுக்கலாம்? நீயே வெட்டு."

சுல்பிகா வெட்டினாள். துண்டுகளைப் பார்த்தாள். அவற்றை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"ஆறு பேருக்கு." பிறகு மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல, "பாதி சின்னன். ஆனபடியாத்தான் கனபேருக்கு வருது" என்றாள்.

"அவ்வளவுதான். காலால பிரிச்சா?"

"பன்னெண்டு." இதைச் சொல்ல அவளுக்குக் கத்தி தேவைப்படவில்லை.

பாட்டுக் கூட்டத்தில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் நழுவி வந்தார்கள். வெயில் ஒரு காரணம், பழம் ஒரு காரணம். வந்தவர்களை வாத்தியார் மணலில் குந்த வைத்தார். முக்கால் வந்தது, ஒன்றேகால் வந்தது. மூன்று கிழமையாக மூடிக் கிடந்த வாய் அவருக்குத் திறந்துகொண்டது. தன் பெயர் மேடையில் கூப்பிடப்பட்டதை அவர் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்கவில்லை.

பிரதம விருந்தினர் ஆங்கிலத்தில் பதினைந்து நிமிடம் பேசி முடித்திருந்தார். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த மஜீட் மாஸ்டர், "ஐயா மிகவும் சந்தோஷப்படுகிறார்" என்று சுருக்கிச் சொன்னார். விருந்தினர் அந்தப் பதினைந்து நிமிடமும் புதிய பாலம் ஒன்றின் உறுதியைப் பற்றியே பேசியிருந்தார் என்பது அவர் ஒருவருக்கு மட்டும்தான் விளங்கியது. அடுத்து பொன்னாடை. வாத்தியாரைக் காணவில்லை. மஜீட் மாஸ்டர் திரைக்குப் பின்னால் ஓடினார்.

"வாத்தியார், என்ன செய்றீங்க? கூப்பிடுறாங்க."

"ஒரு நிமிசம் சேர். ஒன்றேகாலுக்கு வந்திரிக்காங்க. இப்ப விட்டா மறந்திருவாங்க."

"பொன்னாடை நிக்குது வாத்தியார்."

"நிக்கட்டும் சேர்."

மஜீட் மாஸ்டர் திரும்பி மேடைக்குப் போய், நிலைமையை விளக்குவதற்காக விருந்தினரின் காதருகே குனிந்தார். விருந்தினருக்கு நேரமாகிவிட்டது. தம் முன்னால் பணிவாகக் குனிந்து நின்ற ஆசிரியரின் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். புகைப்படக்காரர் படம் பிடித்துவிட்டார். இருபத்தொரு உறுப்பினர்களும் கைதட்டிவிட்டார்கள். நடந்தது நடந்துபோயிற்று. பாடுவதற்கு ஆளில்லாததால் பதினான்கு செய்யுளையும் புண்ணியமூர்த்தி தாமே பாடினார்.

சனிக்கிழமை ஐந்து பிள்ளைகளும் சோதனை எழுதினார்கள். திங்கட்கிழமை வாத்தியாருக்குக் கடிதம் வந்தது. மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, தம்மைப் பாராட்டும் நேரத்தில் சமுகமளிக்காமை. இரண்டு, நேரசூசியில் இல்லாத வேளையில், அனுமதியின்றி, மேடைக்குப் பின்னால் படிப்பித்தமை. மூன்று, விருந்தினருக்குரிய வாழைப்பழங்கள் பதினெட்டை வெட்டியமை.

விசாரணைக்குப் போடியார் தலைமை தாங்கினார்.

"வாத்தியார், அன்றாடப் பணிக்காகத்தானே உங்களப் பாராட்டின. அந்த நேரத்தில போய் அன்றாடப் பணியச் செஞ்சா, எங்களுக்கு எவ்வளவு அவமானம்?"

"படிப்பித்ததை மறுக்கிறீரா?" என்று புண்ணியமூர்த்தி கேட்டார்.

"இல்ல ஐயா. படிப்பிச்சன்."

"சாட்சி உண்டோ?"

"நாப்பத்தொரு பேர் ஐயா. ஆனா எல்லாருக்கும் பத்து வயசு."

சாட்சிகளின் வயது போதாதென்பதால் படிப்பித்த குற்றம் நிரூபணமாகவில்லை. மற்ற இரண்டும் நிரூபணமாயின. தீர்ப்பைத் தட்டெழுதி, முத்திரை குத்தி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

தீர்ப்பு வருவதற்கு முன்னால் சோதனை முடிவு வந்தது. நான்கு பையன்களில் ஒருவன் தேறியிருந்தான். சுல்பிகா தேறியிருந்தாள். சபை அவசரக் கூட்டம் கூடி, இந்த வெற்றிக்குச் சபை அளித்த ஊக்கமே காரணமென்று தீர்மானம் நிறைவேற்றியது. போடியாரும் புண்ணியமூர்த்தியும் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்ள வசதியாக அன்றைக்கே மாலைகளும் வாங்கியிருந்தார்கள்.

முடிவு வந்த அடுத்த நாள் உம்மு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். சந்தோஷம் என்று சொல்லவில்லை, நன்றி என்று சொல்லவில்லை. பின்னால் ஒளிந்து நின்ற சின்ன மகள் றஹீமாவை முன்னால் இழுத்து விட்டாள்.

"இவள எழுதிக்கங்க. நூல் சுத்த ஆள் நான் பார்த்துக்கிறன்."

வாத்தியார் பதிவேட்டை விரித்து 'றஹீமா' என்று எழுதினார்.

தீர்ப்புக் கடிதம் வந்த அன்று அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஹப்ஸாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். முதல் தரம் தனக்கே நம்பிக்கை வரவில்லை. 'மேற்படி ஒழுங்கீனத்துக்குத் தண்டனையாக, இவ்வாசிரியரும் இவரது வகுப்பு மாணவரும் ஐந்து வருட காலத்துக்கு எந்தவொரு விழாவிலும், வரவேற்பிலும், ஊர்வலத்திலும், ஒத்திகையிலும் பங்குபற்றுவது முற்றாகத் தடைசெய்யப்படுகிறது.'

"அஞ்சு வருசமா?" என்று கேட்டாள் ஹப்ஸா.

"அஞ்சு வருசம்."

"அல்லாஹ்தான் அவங்களுக்கு நல்ல வாழ்வக் குடுக்கணும்."

அடுத்த ஆண்டுக்குச் சபை காரைதீவுக் கனகரெத்தினம் மாஸ்டரைத் தெரிவு செய்தது. அவரும் கணக்கு வாத்தியார்தான். சாதுவான மனிதர். படிவம் கிடைத்து ஒரு கிழமையில் அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு இப்றாலெவ்வை வாத்தியாரைத் தேடி வந்தார். அவருடைய வகுப்பு வாங்குகளை ஏற்கெனவே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். வகுப்பு வாசலில் நின்று, கரும்பலகையையும், பிள்ளைகளையும், வாங்குகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்குக் கிடைச்ச அந்தக் கடிதம் போல ஒண்டு எடுக்கிறதுக்கு என்ன செய்ய வேணும்?"

"ஒண்டுமில்ல. அவங்க பாராட்டுற நேரத்தில நீங்க படிப்பிக்கணும்."

கனகரெத்தினம் மாஸ்டர் யோசித்தார். சைக்கிளின் மணியை ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் முன்னாலயோ?"

"பின்னாலயும் செய்யலாம்."

"அது கஷ்டம் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, நேரம் போய்விட்டதே என்று அவர் அவசரமாக ஒத்திகைக்கு மிதித்தார்.